பேச்சுத்துணை இல்லாத வீடு: காட்டுத் தனிமைக் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு கதையை வாசித்துப் பேசுகிறோம். போன வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்: ஒதுக்குப்புறமான பண்ணை வீடுகளில் நடக்கும் கதைகள், அந்த வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஊறிக்கிடக்கும் கசப்பு. கூட்டத்துக்கு வந்தவர்களும், வராமல் போனில் விசாரித்தவர்களும், "இதெல்லாம் உனக்கு எதுக்கு" என்ற சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து, சோழவந்தான் பக்கம் நஞ்சைக்கு வாக்கப்பட்டவள். பதில்களில் அந்த இரண்டு மண்ணும் ஒட்டியிருக்கும். கதைகளின் முடிவையும் சொல்லிவிடுவேன், அது பிடிக்காதவர்கள் கதையைப் படித்துவிட்டு வரலாம்.

நம் பக்கம் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கின்றன. ஒற்றை வீட்டுத் தனிமைக் கதை நமக்கு எப்படிப் பொருந்தும்?

முதல் கூட்டத்திலேயே வந்த கேள்வி. நியாயமானதுதான்.

ஆஸ்திரேலியாவின் ஹென்றி லாசன் 1892ல் எழுதிய 'மந்தை ஓட்டுபவனின் மனைவி' என்ற சிறுகதையில், புருஷன் ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் போய்விடுகிறான். அவள் வீட்டிலிருந்து மனித வாடை அடிக்கிற அடுத்த இடத்துக்கு 19 மைல். நம் கணக்கில் மதுரையிலிருந்து மேலூர் போகிற தூரம். நடுவில் ஒரு குடிசைகூட இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு நல்ல துணி உடுத்தி, தானும் பாங்காகக் கிளம்பி, கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு காட்டுப் பாதையில் உலாத்தப் போவாள். எதிரே வர ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் டவுன் கடைத்தெருவுக்குப் போகிற மாதிரிதான் போவாள். அந்தக் கதையில் பாம்பு வருகிறது, நாய் வருகிறது. என்னால் மறக்க முடியாதது இந்த உலாத்தல்தான்.

தமிழ்நாட்டில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது கொங்கு நாடு. அங்கே தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிற வழக்கம் உண்டு. மதுரைப் பக்கம் ஊர் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கும், நிலம் சுற்றிலும் கிடக்கும். காலையில் காட்டுக்குப் போனால் சாயங்காலம் ஊர் திரும்பிவிடுவோம். கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு கயிற்றுக் கட்டில். அங்கே குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு.

அப்படியானால் தனிமை எங்கே இருக்கிறது? வாக்கப்பட்டு வந்த பெண்ணைக் கேளுங்கள். அவளைச் சுற்றி நாற்பது வீடு இருக்கும், நாற்பதும் புருஷனின் பங்காளி வீடு. எதை வாய்விட்டுச் சொன்னாலும் பொழுது அடைவதற்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். அதனால் சொல்ல மாட்டாள். "பேச்சுத்துணை" என்று ஒரு சொல் எங்கள் கிழவிகள் வாயில் அடிக்கடி வரும். சோற்றுக்கும் துணிமணிக்கும் குறைவில்லாத வீட்டைப் பற்றிச் சொல்லும்போதும், "எல்லாம் இருந்துச்சு, பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு இல்ல" என்பார்கள். லாசனின் பெண்ணுக்கு 19 மைலுக்கு ஆள் இல்லை. நம் பெண்ணுக்கு ஆள் உண்டு, பேச வழியில்லை. நான் இந்தக் கதைகளை எல்லாம் அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்: யாருக்கு யார் பேச்சுத்துணை, அது எந்த இடத்தில் அறுந்தது என்று.

ஒரே ஒரு கதை படிக்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் படிக்கலாம்?

எடித் வார்ட்டன் எழுதிய 'ஈத்தன் ஃப்ரோம்'. 1911ல் வந்த அமெரிக்கக் குறுநாவல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டார்க்ஃபீல்டு என்ற கற்பனை ஊர், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற இடம். ஈத்தனுக்கு விளைச்சல் இல்லாத ஒரு பண்ணை, வரும்படி இல்லாத ஒரு மர அறுவை மில், ஜீனா என்ற நோயாளி மனைவி. ஜீனாவுக்கு ஒத்தாசையாக வந்த அவளுடைய சொந்தக்காரப் பெண் மேட்டிமேல் அவனுக்கு ஆசை வருகிறது. ஜீனா மேட்டியை வீட்டை விட்டு அனுப்ப ஏற்பாடு செய்துவிடுகிறாள். பிரிய மனமில்லாத இருவரும் சறுக்கு வண்டியில் ஏறி ஒரு பெரிய மரத்தில் மோதிச் சாகப் பார்க்கிறார்கள். சாவு வரவில்லை. ஈத்தன் நொண்டியாகிறான், மேட்டி நடக்கவே முடியாதவளாகிறாள். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இருவரையும் வைத்துப் பார்ப்பவள், நோயாளியாக இருந்த அதே ஜீனா.

சுருக்கமாகச் சொன்னால் முக்கோணக் காதல் மாதிரித் தெரியும். நான் உங்களைப் படிக்கச் சொல்வது அந்தக் காதலுக்காக இல்லை, அதற்கு முந்தைய நாலைந்து பக்கங்களுக்காக. ஈத்தனின் அம்மா ஒரு காலத்தில் நன்றாகப் பேசக்கூடியவள். அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் ரோடு. போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குப் பொழுது. ரயில் வந்ததும் அந்த ரோட்டில் நடமாட்டம் நின்றுபோனது. ஏன் யாரும் வருவதில்லை என்று கடைசிவரை அவளுக்குப் புரியவேயில்லை. நான்குவழிச் சாலை வந்தபோது பழைய ரோட்டோரம் திண்ணை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அவள் பேச்சு குறைகிறது. ஏதாவது பேசேன் என்று மகன் கெஞ்சினால் விரலைத் தூக்கி, "கேட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறாள். காற்று அடிக்கிற ராத்திரிகளில் அவன் ஏதாவது சொன்னால், வெளியே அவர்கள் இவ்வளவு சத்தமாகப் பேசும்போது உன் பேச்சு எப்படிக் காதில் விழும் என்று சலித்துக்கொள்கிறாள். வெளியே ஒருவரும் இல்லை.

அந்த அம்மாவுக்குப் பணிவிடை செய்ய வந்தவள்தான் ஜீனா. பேசுகிற வாய் ஒன்று வீட்டுக்குள் வந்ததே ஈத்தனுக்குச் சங்கீதமாக இருக்கிறது. அம்மா செத்து, காரியம் முடிந்து, ஜீனா மூட்டை கட்டுகிறாள். இந்தக் குளிர்காலத்தை ஒத்தையில் எப்படிக் கழிப்பேன் என்ற பயத்தில் இங்கேயே இருந்துவிடு என்று கேட்டுவிடுகிறான். அம்மா வசந்த காலத்தில் செத்திருந்தால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்று பிறகு நினைத்துக்கொள்கிறான். இதைப் படித்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "மாமியாருக்கு முடியலன்னு, கஞ்சி காச்ச ஆளு வேணும்னு என்னையக் கட்டுனாங்க. இதுல என்ன வெளிநாடு உள்நாடு."

ஜீனா கெட்டவளா?

அதிகம் சண்டை நடந்தது இந்தக் கேள்வியில்தான். ஆண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பெண்களில் பாதிப் பேர்.

கதை ஈத்தன் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுகிறது. அதனால் ஜீனாவின் பல் செட்டும், மருந்து பாட்டிலும், சிடுசிடுப்பும் நமக்குத் தெரியும். அவள் பக்கத்துப் பேச்சு ஒரே ஒரு இடத்தில் கசிகிறது. கல்யாணமான ஒரு வருஷத்தில் அவளும் பேச்சை நிறுத்துகிறாள். பண்ணை வாழ்க்கை அப்படி ஆக்கிவிட்டதோ என்று ஈத்தன் யோசிக்கிறான். கூடவே, "நீங்க எங்க காதுல வாங்குனீங்க" என்று அவள் எப்போதாவது சொன்னதும் அவனுக்கு ஞாபகம் வருகிறது. வார்ட்டன் அதை ஒரு வரியில் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார். எனக்கு அந்த நாவலின் கிணறு அங்கேதான் இருக்கிறது. கல்யாணப் பரிசாக வந்த சிவப்புக் கண்ணாடித் தட்டை ஜீனா ஒருநாளும் புழங்காமல் அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் மேட்டி எடுத்து மேசையில் வைக்க, பூனை தட்டிவிட்டு உடைக்கிறது. ஜீனா அழுவதை நாம் பார்க்கிறது அப்போது மட்டும்தான். நம் வீட்டு அலமாரியிலும் புழங்காத சீர்வரிசைப் பாத்திரம் இருக்கிறது, இல்லையா?

நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் 1985ல் பாரதிராஜா எடுத்த 'முதல் மரியாதை'. அல்லிநகரத்துக்காரர், இந்த மண்ணின் ஆள். சிடுமூஞ்சி மனைவி பொன்னாத்தா, அடக்கமான பெரிய மனுஷன் மலைச்சாமி, பரிசலோட்ட வந்த குயில். வார்ட்டனின் ஆட்கள் அப்படியே நம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். நான் சின்னப் பெண்ணாக அந்தப் படத்தைப் பார்த்துக் குயிலுக்காக அழுதேன். ஐம்பது வயதில் பார்த்தபோது பொன்னாத்தாமேல் கண் போனது. மாமாவின் மானத்தைக் காப்பாற்ற மலைச்சாமி அவளைக் கட்டிக்கொள்கிறார், கடைசிவரை தொடாமலே குடும்பம் நடத்துகிறார். ஊர் அவரைத் தெய்வம் என்கிறது. அந்த வீட்டுக்குள் அவள் வாய் அத்தனை நீளமாக இருந்ததற்கு வேறு என்ன காரணம் வேண்டும்? படம் அருமையான படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பொன்னாத்தாவின் கதையை யாராவது எழுத வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை.

இது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம். பழந்தமிழில் இதெல்லாம் உண்டா?

சங்கம் வைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். உலகத்தில் எத்தனையோ மொழியில் விவசாயத்தைப் பாடியிருப்பார்கள். நிலத்தைப் பிரித்து, விளைகிற பூமிக்கென்று புருஷன் பெண்டாட்டி சண்டையை ஒதுக்கிவைத்தது நாம்தான். மலைக்குக் கூடல், முல்லைக் காட்டுக்குக் காத்திருப்பது, நஞ்சைக்குச் சண்டை. நான் புஞ்சையிலிருந்து நஞ்சைக்கு வந்தவள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு அனுபவமாகவே தெரியும். காசு புழங்குகிற மண்ணில் ஆம்பளைக்கு வெளியே போகக் கால் வந்துவிடுகிறது.

ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாட்டு மருதம், பாடியவர் ஓரம்போகியார். நண்டுக்குப் பத்து, எருமைக்குப் பத்து என்று வயலையே சுற்றிச் சுற்றி வந்து, பரத்தை வீட்டுக்குப் போகிற புருஷனைக் குத்துகிறார். குறுந்தொகை எட்டாம் பாட்டு இன்னும் சுவாரசியம். ஆலங்குடி வங்கனார் எழுதியது, பேசுகிறவள் பரத்தை. என் வீட்டில் பெருமையடித்துவிட்டுத் தன் வீட்டில் மகனைப் பெற்றவள் முன்னால், "கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப்பாவை போல" நடக்கிறானாம். கண்ணாடியில் தெரிகிற உருவம் மாதிரி, அவள் கையைத் தூக்கினால் இவனும் தூக்குகிறான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். ஊடுவதற்கு எதிரே ஆள் வேண்டும். கதவை அடைத்துக்கொண்டால், தட்டுவதற்கு ஒருவன் வெளியே நிற்கிறான் என்ற நம்பிக்கை வேண்டும். திருக்குறள் ஊடலை உப்பு என்கிறது, அளவோடு இருந்தால் ருசி, கொஞ்சம் நீண்டுவிட்டால் கரித்துப்போகும் (குறள் 1302). ஆக, மருதத்தில் சண்டை உண்டு, தூது உண்டு, பாணனும் தோழியும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. நாங்கள் படிக்கிற கதைகள் தோழியும் பாணனும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு நடக்கிறவை.

நவீனத் தமிழில் எவற்றைப் படித்தீர்கள்?

எல்லாவற்றையும் படித்துவிடவில்லை. படித்ததில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர், கரிசல் எழுத்தின் தகப்பன். நாச்சியாரம்மா கல்யாணத்துக்கு முன்னால் அள்ளிக் கொடுக்கிற கை, வேலையாட்களுக்குத் தாய் மாதிரி. கல்யாணம் ஆனதும் கணக்குப் பார்க்கிற, கறாரான பெண்ணாகிவிடுகிறாள். அடி உதை கிடையாது, கள்ளக் காதல் கிடையாது. ஒரு பெண் சத்தமில்லாமல் வேறொருத்தியாகிப் போவதை, அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் ஆச்சரியமாகவே சொல்லியிருப்பார். அவள் வாயால் ஒரு காரணமும் வராது. குறைந்த பக்கத்தில் இவ்வளவு துக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942ல் வந்தது. விதவையான நாகம்மாள், கொழுந்தன் வீட்டோடு இருந்துகொண்டு தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. நிலம் யார் பேரில் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுப் பண்ணை வீட்டுப் பெண்ணின் மனசைப் பேச முடியாது என்று அதைப் படித்தால் தெரியும். கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காட்டுக் கூலிப் பெண்ணின் கதை. ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்குக் கட்டிவைத்து விடுகிறார்கள். அதைப் படித்த வாரம் எனக்குச் சமையல் ஓடவில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நான் சொல்லிவந்ததைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறது. காளியும் பொன்னாவும் ஆசையாக வாழ்கிற தம்பதி, நன்றாகப் பேசிக்கொள்கிறவர்கள். பிள்ளை மட்டும் இல்லை. சொந்தமும் ஊரும் ஓயாமல் பேசிப் பேசியே அந்த வீட்டைக் கெடுக்கிறது. இங்கே பேச்சுத்துணை இருந்தும், பேச்சே விஷமாகிறது. புத்தகத்தைச் சுற்றி நடந்த வழக்கும் 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தில் உள்ளே இருக்கிற காதல் கதை பலர் கண்ணில் படவில்லை என்பது என் வருத்தம்.

பூந்தோட்டம் வைத்திருக்கிறோம். எங்களைப் போன்றவர்கள் கதையில் வருவார்களா?

மல்லிகைத் தோட்டக்காரப் பெண் ஒருவர் கேட்டது. ஜான் ஸ்டெயின்பெக்கின் 'சாமந்திகள்' என்ற கதையைக் கொடுத்தோம். 1937, கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு. எலிசாவுக்கு முப்பத்தைந்து வயது, செடி வைத்தால் பிழைக்கிற கை. புருஷன் நல்லவன்தான். மாடு நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில் டவுனுக்குச் சாப்பிடக் கூட்டிப்போகிறேன் என்கிறான். சட்டி பானை ஒட்டுப்போடுகிற ஒருவன் வண்டியில் வந்து, வேலை கிடைக்க வேண்டுமே என்று அவள் செடிகளைப் பற்றி ஆசையாக விசாரிக்கிறான். அவள் மனசே திறந்துவிடுகிறது. நாற்றுகளைத் தொட்டியில் வைத்துக் கொடுத்து, எப்படிக் கிள்ளுவது, விரல் நுனிக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள். சாயங்காலம் புருஷனோடு டவுனுக்குப் போகும்போது ரோட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. செடியைக் கொட்டிவிட்டுத் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

மல்லிகைக்காரப் பெண் சொன்னது இது: விடிவதற்கு முன்னால் எழுந்து மொட்டுப் பறிக்கிறாள், இருபது வருஷமாக. எந்தச் செடி எத்தனை நாளில் கண் விடும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, இன்றைக்குக் கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்பார்கள்.

இந்த மாதிரிக் கதைகளில் ஏன் எப்போதும் கிணறு வருகிறது?

நல்லதங்காள் போட்ட பாதை. மானாமதுரைக்கு வாக்கப்பட்டவள், பன்னிரண்டு வருஷப் பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். மதினி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அருச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது, கிணற்றையும் காட்டுவார்கள். எங்கள் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது பஞ்சத்தை வேகமாகக் கடந்துவிட்டு, சாத்திய கதவில் நின்றுவிடுவார்.

எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுதல்: கிணறும் பூச்சிமருந்தும் கதையை முடிக்கிற சுலபமான வழியாகிவிட்டன. முடிக்கத் தெரியாதபோது அவளைத் தள்ளிவிடாதீர்கள். வார்ட்டன் சாகவிடாமல் அந்த மூன்று பேரையும் ஒரே அடுப்படியில் உட்கார வைத்தார், அதனால்தான் நூறு வருஷம் தாண்டியும் படிக்கிறோம்.

கதை ஒருபக்கம் இருக்கட்டும். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி நினைப்பு ஓடுகிறதென்றால் 104க்குப் போன் செய்து பேசுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கு 181.

புருஷனைக் கொன்ற கதை ஒன்று படித்தீர்களாமே?

அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் எழுதியது. 1916ல் 'அற்ப விஷயங்கள்' என்கிற ஓரங்க நாடகமாக எழுதி, அடுத்த வருஷம் சிறுகதையாகவும் எழுதினார். 1900 கடைசியில் அயோவாவில் ஹோசாக் என்ற விவசாயி படுக்கையில் வெட்டப்பட்டுச் செத்த வழக்கை, பத்திரிகை நிருபராக இருந்து எழுதியவர் அவர். அந்த வழக்கில் மாட்டியது மனைவி.

நாடகத்தில் புருஷன் கழுத்தில் கயிறு. ஷெரிப்பும் வக்கீலும் மாடி, தொழுவம் என்று தடயம் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பாதியில் விட்ட வேலை, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று கோணிப்போன தையல், கதவு பிய்ந்த பறவைக் கூண்டு, தையல் பெட்டிக்குள் கழுத்து திருகப்பட்ட ஒரு சின்னப் பாட்டுக் குருவி. அந்த வீட்டில் மனைவிக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அது. இரண்டு பெண்களும் அதை ஆண்களிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அதில் ஒருத்தி, பக்கத்துப் பண்ணைக்காரி, நான் இவளை ஒருதரமாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா என்று புலம்புகிறாள்.

படித்துவிட்டு எங்கள் கூட்டத்தில் ஒரு விளையாட்டு விளையாடினோம். நம் அடுப்படியில் என்ன தடயம் கிடைக்கும்? ஒருவருக்கு மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு. பாதி அரைத்து நின்றுபோன ஆட்டுரல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிய கால்தடம். விளையாட்டாகத் தொடங்கி யாரும் சிரிக்காமல் முடிந்தது.

ஆம்பளைக்குத் தனிமை இல்லையா? எல்லாம் பொம்பளை பக்கமே பேசுகிறீர்கள்.

இருக்கிறது. ஈத்தனைவிடத் தனியான ஆளை நான் படித்ததில்லை. நம் ஊர் ஈத்தனைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி மோட்டார் ரூமுக்குப் போங்கள். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும் என்றால் ராத்திரிதான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். டார்ச் லைட், மண்வெட்டி, பாம்புக்கு ஒரு கம்பு. மடை மாற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற மனுஷன், கடனை யாரிடமும் சொல்லாதவன். பெண்டாட்டியிடம் சொன்னால் பயப்படுவாள் என்று நினைக்கிறான், அவளோ இவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லை என்று நினைக்கிறாள். மாதக்கணக்கில் இவன் விடிகாலையில் வந்து படுப்பான், அவள் அப்போதுதான் எழுந்திருப்பாள். கரண்ட் நேரத்தை மட்டும் வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

பெண்ணுக்கு ஒப்பாரியும் தாலாட்டும் உண்டு. "யாரடிச்சு நீ அழுத" என்று பிள்ளையைக் கேட்கிற சாக்கில் மாமனையும் அத்தையையும் வரிசையாக இழுத்துத் தன் மனக்குறையைப் பாடிவிடுவாள். நடவு வயலில் புருஷனைக் கேலி பண்ணிப் பாட்டாகவே கட்டிவிடுவாள். ஆம்பளைக்கும் ஏற்றப்பாட்டு இருந்தது. மோட்டார் வந்ததும் அது போய்விட்டது.

இப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே?

கிளாஸ்பெல்லின் நாடகத்திலேயே போன் வருகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு டெலிபோன் லைன் இழுத்துக்கொள்ளலாம் என்று கேட்க, செத்துப்போன அந்தப் புருஷன், ஜனங்கள் ஏற்கெனவே ரொம்பப் பேசுகிறார்கள், எனக்கு நிம்மதி போதும் என்று மறுத்தவன். இன்றைக்கும் போன் யார் கையில், பேசும்போது பக்கத்தில் யார் என்று கேட்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இதையெல்லாம் படித்தால் குடும்பம் கெட்டுப்போகாதா?

என் மாமியார் கேட்டது. 'கன்னிமை'யை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொருக்கா வாசி" என்றார்.

நானும் எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

"அவள் தனிமையில் வாடினாள்" என்று தொடங்காதீர்கள், சரியா? ஒரு சாமானில் தொடங்குங்கள்: சிவப்புத் தட்டு மாதிரி, குருவிக் கூண்டு மாதிரி. தூரத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் ஊருக்கும் எத்தனை நடை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மானாவாரியா, கிணற்றுப் பாசனமா, பெரியாறு தண்ணியா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மழையை நம்பிய வீட்டின் சண்டை சித்திரையில் ஒரு மாதிரியும் ஐப்பசியில் ஒரு மாதிரியும் இருக்கும். இருவரில் ஒருவரை வில்லனாக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால் அவர் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் கூட்டத்தில் யாராவது எழுதினார்களா?

ஒருவர் எழுதினார், மேலூர்ப் பக்கத்துக்காரர். கதை நாலே பக்கம். பெண்டாட்டி வீட்டில் வாயே திறப்பதில்லை. ஒரு விடிகாலையில் அவன் பால்சட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போகிறான். உள்ளே அவள் பசுமாட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். தன் அம்மாவைப் பற்றி, விழுந்த முதல் பல்லைப் பற்றி, அவனைப் பற்றியும். அவனுக்கு இருமல் வருகிறது, அடக்கிக்கொள்கிறான். கன்றுக்குட்டி கத்துகிறது. கையில் சட்டியோடு தட்டிக்கு வெளியே குத்தவைத்து உட்கார்கிறான்.